படுத்த மாட்டின் அருகே

நோய் ஓர் உயிரில் இருக்க, அதைச் சொல்லும் வாய் இன்னோர் உயிரிடம் இருப்பதே கால்நடை வைத்தியத்தின் அடிப்படைச் சிக்கல். மாடு எத்தனை நாளாகத் தீன் எடுக்கவில்லை, கடைசியாக எப்போது சாணி போட்டது, கன்று ஈன்றபின் நஞ்சுக்கொடி விழுந்ததா என்பவற்றையெல்லாம் வளர்ப்பவரின் நினைவிலிருந்தே வைத்தியர் பெற வேண்டியிருக்கிறது. அந்த நினைவோ அச்சத்தாலும், பிந்திக் கூப்பிட்டோம் என்ற கூச்சத்தாலும், முதலில் கைமருந்து கொடுத்ததை ஒளிக்கும் தயக்கத்தாலும் நிறம் மாறியே வந்து சேர்கிறது. ஏசுவார் என்று அஞ்சும் ஒருவர், மூன்று நாளாகப் படுத்திருக்கும் மாட்டை “இண்டைக்குக் காலமைதான் படுத்தது” என்று சொல்லிவிட்டால், கொடுக்கும் மருந்தும் தவறிப்போகும், அதைப் பற்றிய எதிர்பார்ப்பும் தவறிப்போகும். எனவே வளர்ப்பவரின் மனநிலையை அறிந்து நடப்பதை நல்ல சுபாவம் என்று பாராட்டி ஒதுக்கிவிட முடியாது. அது நோயறிதலின் ஒரு பகுதி.

வைத்தியருக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான இந்த உறவைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை வட அமெரிக்க, பிரித்தானிய நகரங்களின் நாய், பூனைச் சிகிச்சை நிலையங்களில் பிறந்தவை. அங்கு கண்டறியப்பட்டவற்றில் எது எங்கும் பொருந்தும், எது அந்த ஊர்களோடு நின்றுவிடும் என்பதைப் பிரித்தறிய மன்னார்க் கரையோரம் போன்றதோர் இடம் உதவும். மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்கு வந்து, பூநகரியை நோக்கிச் செல்லும் ஏ-32 வீதியில் திரும்பினால், திருக்கேதீச்சரத்துக்கும் விடத்தல்தீவுக்கும் இடையில் வருவது மாந்தை மேற்குப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த பாப்பாமோட்டை. மேற்கே கண்டலும் உப்புத் தரவையும், கிழக்கே கட்டுக்கரைக்குளத்தின் நீரை நம்பிய வயல்களும் உள்ள இந்தப் பகுதியில் மாடு பெரும்பாலும் பட்டியாகவே வளர்கிறது. காலபோக நெல் வயலில் நிற்கும் மாதங்களில் மாடுகள் தரவைக்கும் பற்றைக்காட்டுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அறுவடை முடிந்தபின் தாளடியில் மேய வருகின்றன. கோடையில் மேய்ச்சல் காய்ந்து குறைகிறது என்பது வெளிப்படை. மழைக்காலத்தில், நிலமெங்கும் பச்சையாய்த் தெரியும்போதே மாட்டுக்கு வாய் வைக்க இடமில்லாமற் போகும் என்பது வெளியாருக்கு எளிதில் விளங்குவதில்லை. இந்த அத்தியாயத்தின் பிற்பகுதியில் வரும் பெருஞ்சாவுக்கு இதுவும் ஒரு காரணம்.

மனிதரும் விலங்கும் ஒருவரோடொருவர் பிணையும் விதத்தை உடலியங்கியல் ஓரளவு விளக்கியுள்ளது. யப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஹோ நாகசாவா, தகேஃபுமி கிகுசுயி முதலியோர் 2015 இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்திருக்கும்போது இருவரிடத்தும் ஒக்சிடோசின் மிகுகிறது. தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பிலும், பால் இறங்குவதிலும் பங்குகொள்ளும் அதே ஓமோன்தான் அது. மாட்டைப் பொறுத்தவரை சான்று இன்னும் மண்ணோடு ஒட்டியது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், பசுக்களைத் தனித்தனியே பெயர் சொல்லி அழைக்கும் பண்ணையாளர்கள், அப்படிச் செய்யாதோரைவிட ஒரு பால் பருவத்தில் பசுவொன்றுக்கு ஏறத்தாழ 258 லீற்றர் கூடுதலாகப் பால் பெற்றதாகத் தெரிவித்திருந்தனர். பெயர் சொன்னதால் பால் சுரந்ததா, பெயர் சொல்லுமளவுக்கு மாட்டை உற்றுப் பார்க்கும் ஒருவர் தீனையும் தண்ணீரையும் நேரத்துக்குக் கொடுத்ததால் சுரந்ததா என்பதை அந்த எண் பிரித்துக் காட்டவில்லை. லட்சுமி என்றும் சிவப்பி என்றும் பசுவைக் கூப்பிட்டுக் கறக்கும் ஒருவருக்கு அந்தப் பிரிப்பே வேண்டாத வேலையாகத் தோன்றலாம்.

வைத்தியரின் மதிப்பு ஒரே நாளில் உயரும் நோய் ஒன்று உண்டு. கன்று ஈன்ற ஓரிரு நாளில், மடி திடீரெனப் பெருமளவு கல்சியத்தை இழுத்துக்கொள்ள, எலும்பிலிருந்து அதை ஈடுசெய்யும் பொறிமுறை வேகம் பிடிக்காமல், இரத்தக் கல்சியம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து, தசைகள் இயங்காமல் பசு படுத்துவிடும் பால் காய்ச்சலே அது. காய்ச்சல் என்று பெயர் இருந்தாலும் உடல் குளிர்ந்தே கிடக்கும். பசு கழுத்தை வளைத்துத் தலையை விலாப்பக்கம் சாய்த்திருக்கும், காதைத் தொட்டால் சில்லிடும், மூக்கு நுனி வறண்டிருக்கும், சாணி நின்றிருக்கும். வைத்தியர் கல்சியம் போரோகுளுக்கோனேற்றுப் போத்தலை உடற்சூட்டுக்கு வெதுப்பி, கழுத்து நாளத்தில் ஊசியை ஏற்றி, ஒரு கையால் போத்தலைத் தூக்கிப் பிடித்தபடி மறுபுறம் இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே, மிக மெதுவாக இறக்குவார். வேகமாக இறங்கினால் அதே கல்சியம் இதயத்தை நிறுத்திவிடும். பாதிப் போத்தல் முடிவதற்குள் தொடைத் தசை நடுங்கத் தொடங்கும், பசு ஏப்பம் விடும், சாணி போடும். பெரும்பாலும் சற்று நேரத்தில் முன்காலை ஊன்றி எழுந்து நிற்கும். சுற்றி நிற்பவர்களுக்கு இது செத்தது பிழைத்ததாகவே படும். நாட்டு மாட்டில் இந்நோய் அரிது. கூடுதலாகப் பால் கறக்கும் கலப்பினப் பசுவில்தான் மிகுதியும் காணப்படுகிறது. அத்தகைய பசு பலவேளை கடனில் வாங்கப்பட்டதாக இருப்பதால், அது எழுந்து நிற்கும் கணத்தில் வீட்டாருக்கு நீங்குவது துயரம் மட்டும் அல்ல, மாதத் தவணை பற்றிய பயமுமாகும். அன்பையும் வருமானத்தையும் இரண்டு பெட்டிகளில் போட்டுப் பேசும் நகரத்து நூல்கள் இந்த இடத்தில் அதிகம் உதவுவதில்லை.

ஆனால் படுத்த மாடுகள் எல்லாம் எழும்புவதில்லை. ஏறத்தாழ முந்நூறு கிலோ எடையுள்ள உடல் ஒரே பக்கமாகப் பல மணிநேரம் கிடந்தால், கீழே அழுந்திய காலின் தசைகளுக்கு இரத்தம் போகாமல் அவை சிதைகின்றன, நரம்புகள் நசுங்குகின்றன. முதலில் படுக்கவைத்த நோய் தீர்ந்த பின்னரும் மாடு எழ முடியாமற் போகும். வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, சில மணிநேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் புரட்டி, சாக்கை வயிற்றின் கீழ் கொடுத்து நாலைந்து பேர் தூக்கிப் பார்ப்பதே இதற்குரிய பராமரிப்பு. இரண்டாம், மூன்றாம் நாளில் வைத்தியருக்கு முடிவு தெரிந்துவிடும், வீட்டாருக்கும் பாதி தெரிந்திருக்கும். எனினும் “டொக்டர், இன்னொரு சேலைன் ஏத்திப் பாப்பமே” என்ற கேள்வி வரும்.

மேலைநாட்டு ஆய்வுகள் இந்த இடத்தில் வேறொரு திசையில் நடக்கின்றன. அங்கு இத்தகைய நிலையில் வலியில்லாமல் உயிரை முடித்துவைக்கும் கருணைக்கொலை வைத்தியரின் வழமையான கடமைகளில் ஒன்று. அதனால் வைத்தியரின் மனச்சுமையைப் பற்றிய எழுத்தும் பெருமளவு அதைச் சுற்றியே எழுந்தது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மெய்யியலாளர் பேர்னாட் றொலின், விலங்குகளைக் காக்க விரும்பித் தொழிலுக்கு வந்தவர்களே போதிய காரணமின்றி அவற்றைக் கொல்ல நேரும்போது எழும் நெருக்கடியை ‘அறநெருக்கடி’ என 1980களில் விவரித்தார். வேலைப்பளுவால் வரும் களைப்பு ஓய்வெடுத்தால் தீரும், இது தீராது என்பது அவருடைய வாதம். அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை வைத்தியர்களின் பதிவுகளை ஆராய்ந்து, அந்நாட்டு நோய்த் தடுப்பு நிலைய ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்ட முடிவு இன்னும் கடுமையானது: பொதுமக்களோடு ஒப்பிடும்போது தற்கொலையால் இறக்கும் வீதம் ஆண் வைத்தியர்களிடம் 2.1 மடங்காகவும் பெண் வைத்தியர்களிடம் 3.5 மடங்காகவும் இருந்தது. காரணம் ஒன்றல்ல; நீண்ட வேலைநேரம், கல்விக்கடன், தனிமை எனப் பலவும் அதில் கலந்துள்ளன.

மன்னாரில் சுமையின் வடிவம் மாறுகிறது. சைவக் குடும்பமொன்றில் பால் தந்த பசுவுக்கு உயிர்போக்கும் ஊசி போடச் சொல்லி வைத்தியரே ஆலோசனை கூறுவது அரிது. கூறினாலும் வீட்டில் யாரும் தலையசைப்பது அதைவிட அரிது. மாட்டிறைச்சி உண்ணும் கத்தோலிக்க, முஸ்லிம் குடும்பங்களிலும்கூட, முற்றத்தில் வளர்ந்த கறவை மாட்டுக்கு அந்த ஊசியைக் கேட்பது எளிதான காரியமன்று. ஆகவே கொன்றதால் வரும் நெருக்கடியைக் காட்டிலும், முடிக்கவும் முடியாமல் மீட்கவும் முடியாமல் அருகில் நிற்பதால் வரும் நெருக்கடியே இங்குள்ள வைத்தியரின் பங்கு. மேலைநாட்டு எழுத்தில் இதற்கும் ஓர் இணை இருக்கிறது. லீசா மோசஸ் முதலியோர் வட அமெரிக்க வைத்தியர்களிடையே நடத்தி 2018 இல் வெளியிட்ட கருத்தாய்வில், பயனில்லை என்று தமக்குத் தெரிந்த சிகிச்சையைத் தொடருமாறு வளர்ப்பவர்கள் கேட்பது பெரும்பாலோருக்கு மன உளைச்சலைத் தந்தது தெரியவந்தது. இங்கும் அத்தகைய கோரிக்கை வழமையாக வருகிறது. வீட்டார் கேட்கும் அந்த ‘இன்னொரு சேலைன்’ போத்தலைப் பயனற்றது என்று மட்டும் எடைபோடுவதும் சரியாகாது. மாட்டுக்கு அது எதையும் செய்யாதுபோனாலும், செய்ய வேண்டியதைச் செய்தோம் என்ற ஆறுதலை வீட்டாருக்குத் தருகிறது. மாட்டின் வலி குறையும்படி வலிநீக்கி மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் வைத்தியர் இரண்டு கடமைகளையும் ஓரளவு நிறைவேற்றியவராகிறார்.

இதைவிடக் கூர்மையான தருணம் சிகிச்சைக்கு முன்னரே வருவதுண்டு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏற்றிய மாட்டின் இறைச்சியையும் பாலையும் குறிப்பிட்ட நாட்களுக்கு உணவாகக் கொள்ளக்கூடாது. மருந்து உடலைவிட்டு நீங்க எடுக்கும் அந்த இடைவெளிக்கு விலக்கு காலம் என்று பெயர். ஆகவே பிழைப்பது ஐயமான மாட்டுக்கு ஊசியைத் தொடும் முன், விற்கும் எண்ணம் உண்டா என்று வைத்தியர் கேட்டாக வேண்டும். கேட்காமல் ஊசி போட்டால் ஏழைக் குடும்பமொன்று கடைசியாகக் கிடைக்கக்கூடிய பணத்தையும் இழக்கும்; கேட்டாலோ, அதுவரை கண்ணீரோடு நின்றவரிடம் அவருடைய மாட்டுக்கு விலை பேசியது போலாகிவிடும். வயதான மாட்டை லொறியில் ஏற்ற வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும் என்பதால், லொறி எங்கே போகிறது என்பது தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஓர் உரையாடலும் கையொப்பத்தோடு சேர்ந்து நடக்கிறது. சமூகவியலாளர் ஆர்லி ஹொக்சைல்ட் 1983 இல் ‘உணர்ச்சி உழைப்பு’ என்று அழைத்ததன் பொருள், தொழிலின் தேவைக்கேற்பத் தன் முகத்தையும் குரலையும் உணர்வையும் ஒருவர் வேலையாகவே ஒழுங்குபடுத்திக்கொள்வது. விமானப் பணிப்பெண்களை வைத்து அவர் விளக்கிய அந்த உழைப்பைக் காண, சான்றிதழ்ப் புத்தகத்தோடு முற்றத்தில் நிற்கும் அரச கால்நடை வைத்தியரின் முகத்தைப் பார்த்தாலும் போதும்.

நாயின் கதை வேறு. இலங்கையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் பழைய முறை 2006 இல் கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் அதன் இடத்துக்கு வந்தன. ஆயினும் விசர்நோய் ஐயம் எழும்போது வைத்தியருக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான உறவு தன் வழமையான வடிவத்தை இழக்கிறது. குறி தோன்றிய பின் அநேகமாக எவரையும் காப்பாற்ற இயலாத நோய் அது. நோய் உறுதியாக வேண்டுமானால் இறந்த நாயின் மூளைத் திசுவைச் சோதிக்க வேண்டும், அதற்குத் தலையைத் துண்டித்துப் பனிக்கட்டியிட்டுக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் போன்ற ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குப் பதிலாக ஒரு நாயைத் துணையாக வைத்திருக்கும் மூதாட்டியிடம் இதைச் சொல்லும்போது, “அம்மா, அதிண்ட எச்சில் பட்ட ஆக்கள் வீட்டில ஆரார்?” என்ற கேள்வியை முதலில் வைப்பதா, நாய் இறந்ததற்கான அனுதாபத்தை முதலில் வைப்பதா என்று தடுமாற இடமில்லை. கேள்விதான் முதலில். வீட்டிலுள்ள குழந்தைக்கு ஊசி தொடங்கப் பிந்தும் ஒவ்வொரு நாளும் ஆபத்து. அனுதாபம் அதே வாக்கியத்தின் குரலில் இருந்தால் போதுமானது. தனியே சொல்ல அவகாசம் கிடைப்பது அரிது.

மன்னார் நகரில் உரிமையாளரே இல்லாத நோயாளிகளும் உள்ளன. முன்னொரு காலத்தில் வணிகர் பொதி சுமக்கக் கொண்டுவந்த கழுதைகளின் வழித்தோன்றல்கள், வாகனங்கள் வந்தபின் கைவிடப்பட்டு, வீதியிலும் கடற்கரையிலும் தாமாகத் திரிகின்றன. வாகனம் மோதிக் கால் முறிந்தவற்றுக்கும் புண்பட்டவற்றுக்கும் சிகிச்சை அளிக்க ‘பிரிட்ஜிங் லங்கா’ அமைப்பு அங்கு ஒரு கழுதைச் சிகிச்சை நிலையத்தை அமைத்தது. கழுதை வலியை அதிகம் வெளிக்காட்டாத விலங்கு. அதற்காகப் பேசுபவரும் இல்லாதபோது, உணர்ச்சி என்ற இடைத்தரகர் இல்லாமல் வைத்தியர் நேரே உடலை எதிர்கொள்கிறார். அது இலேசான வேலை என்று நினைப்பவர், வரலாறு சொல்ல ஆளில்லாமல் நோயறிவது எவ்வளவு கடினம் என்பதை மறந்துவிடுகிறார்.

தனித்தனி மாட்டின் அருகே நடக்கும் இவை எல்லாம் 2022 டிசம்பரில் ஒரே கிழமையில் பெருகி வந்தன. மண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவைக் கடந்து டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டித் தமிழ்நாட்டின் மாமல்லபுரம் அருகே கரையேறிய நாட்களில், இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் வழமைக்கு மாறான குளிர்காற்றும் மழையும் வீச, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் மாண்டன. தொற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சத்தில் அப்பகுதிகளிலிருந்து மாடுகளையும் இறைச்சியையும் கொண்டுசெல்வது தற்காலிகமாகத் தடைசெய்யப்பட்டது. உடல்களைத் திறந்து சோதித்த பின், குளிரால் ஏற்பட்ட உடல் அழுத்தமே காரணம் என்று கூறப்பட்டது.

பனி பெய்யும் நாடுகளில் மாடுகள் வெட்டவெளியில் வாழும்போது, இங்குள்ள மாடு ஏன் இந்தக் குளிருக்கே சாக வேண்டும் என்று பலரும் கேட்டனர். மாட்டின் உடலுக்குச் சூடு தருவதில் பெரும்பங்கு முதல் வயிற்றான அசையூண் இரைப்பையுடையது. அங்கு கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைக்கும்போது இடைவிடாமல் வெப்பம் பிறக்கிறது. தீன் குறைந்தால் அந்த அடுப்பு அணைகிறது. மயிர்களுக்கிடையே சிறைப்பட்ட காற்றே போர்வை. மயிர் மழையில் ஊறினால் அந்தப் போர்வை போய்விடும், காற்று வீசினால் ஈரம் ஆவியாகி எஞ்சிய சூட்டையும் உறிஞ்சிச் செல்லும். பனிநாட்டு மாட்டுக்குத் தோலுக்குக் கீழே கொழுப்பும், குளிருக்கு முன் மெல்ல வளர்ந்த தடித்த மயிரும், வயிறு நிறைய உலர்தீனும் உண்டு. வயல்கள் பயிரோடு நின்றதால் தரவைக்குத் தள்ளப்பட்டு, விலா தெரிய மெலிந்து, கூரையில்லாப் பட்டியில் இரவு முழுவதும் நனைந்த மாட்டுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஏறத்தாழ 38.5 பாகை செல்சியசில் இருக்க வேண்டிய உடல் மெல்லக் குளிர, நடுக்கம் நின்று, படுத்து, விடியுமுன் முடிந்துவிடுகிறது.

அந்த நாட்களில் வைத்தியர் சிகிச்சையாளராக அன்றி எண்ணுபவராகவும் பதிபவராகவுமே பட்டிகளுக்குச் செல்ல நேர்கிறது. வளர்ப்பவருக்குச் சாவாக இருப்பது படிவத்தில் எண்ணாக மாறும் அந்தக் கணம் இருவருக்கும் கடினமானது. பிரித்தானியாவில் 2001 இல் கால்வாய் நோயைக் கட்டுப்படுத்த அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டபின், லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் மகி மோட் முதலியோர் கம்பிரியா மாவட்டத்தில் 54 பேரை ஒன்றரை ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதவைத்து ஆராய்ந்தனர். பண்ணையாளர்கள் மட்டுமன்றி, அங்கு கடமையில் இருந்த பலரும் நெடுநாள் நீங்காத மனத்துன்பத்தோடு இருந்தது அந்தக் குறிப்புகளில் தெரிந்தது.

மன்னார்ப் பெருநிலத்தில் இத்தகைய சாவு வெறும் தரையில் விழுவதில்லை. 2008 யூலையில் விடத்தல்தீவு இராணுவத்தின் வசமான காலத்தில், இக்கரையோரக் குடும்பங்கள் கிழக்கே கிளிநொச்சியையும் பின்னர் முல்லைத்தீவையும் நோக்கி இடம்பெயர்ந்தபோது, மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டே போக வேண்டியிருந்தது. உறவினரையே இழந்து நின்ற ஊரில் மாட்டுக்காக அழுவதற்கு யாருக்கும் வாயில்லை. இழந்தவர் தாமே சொல்லிக்கொள்ளக் கூசும், சுற்றத்தார் இழப்பென்று கணக்கெடுக்காத துயரைக் கென்னத் டோக்கா 1989 இல் ‘உரிமை மறுக்கப்பட்ட துயர்’ என்று வரையறுத்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் வடக்கின் போரனுபவத்தை, தனிமனித நோயாக மட்டுமன்றி ஊரும் உறவும் சேர்ந்து சிதைந்த கூட்டு மனவடுவாக விளக்கியதையும் இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டும். மீள்குடியேறியபின் ஒன்று இரண்டாகச் சேர்த்துக் கட்டிய பட்டி ஓர் இரவில் போனால், உடையவர் வைத்தியர்மேல் காட்டும் கோபத்தின் ஒரு பங்கு அந்த இரவுக்குரியதல்ல. ஒஹையோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேரி பெத் ஸ்பிட்ஸ்நேகல், நோயுற்ற செல்லப்பிராணியைப் பராமரிப்பவரின் மனச்சுமை வைத்தியரிடம் எப்படிக் கைமாறுகிறது என்பதை ஆராய்ந்துள்ளார்: ஓயாத அழைப்பு, முறைப்பாடு, பணத்தகராறு என்ற வடிவங்களில் அது வந்து சேர்கிறது. வைத்தியருக்கு அது தன்மேல் வீசப்பட்ட குற்றச்சாட்டாகவே முதலில் படும். ஆட்கள் போதாத அலுவலகத்தில், அது எங்கிருந்து வருகிறது என்று நின்று யோசிக்க நேரம் இருப்பதில்லை.

குளிர்ச்சாவில் எழுந்த மிகக் கடினமான கேள்வி மருந்தைப் பற்றியதல்ல. “நாங்கள் ஏதும் செய்திருக்கலாமோ டொக்டர்?” என்பதே அது. ‘ஒன்றும் செய்திருக்க முடியாது, குளிர்தான் கொண்டுபோனது’ என்பது ஆறுதலான பதில், முழு உண்மை அன்று. காற்று மறைக்கும் ஓலைத் தட்டியும், உயர்ந்த தரையும், அறுவடையில் சேமித்த வைக்கோலும் இருந்திருந்தால் ஒரு பங்கு மாடுகளாவது தப்பியிருக்கும். ‘செய்திருக்கலாம்’ என்பது உண்மை. ஆனால் கூலிக்கு ஆள் பிடித்துக் கூரை போட வழியில்லாதவரிடம், செத்த மாட்டின் பக்கத்தில் நின்று அதைச் சொன்னால் அறிவுரை குற்றச்சாட்டாகிவிடும், அடுத்த முறை மாடு படுத்தால் அவர் கூப்பிடவும் தயங்குவார். இரண்டும் சொல்லப்பட வேண்டியவையே, ஆனால் ஒரே நாளில் அல்ல. பட்டியில் உடல்கள் கிடக்கும்போது, எந்த மாடு எப்படிக் குளிர்ந்தது என்பதையும் அது தொற்றுநோய் அன்று என்பதையும் மட்டும் சொல்லி, மிஞ்சிய கன்றுகளைச் சாக்கால் துடைத்து உலர்ந்த இடத்தில் கட்டச் சொல்லிவிட்டுப் போகலாம். வைக்கோல் எத்தனை கட்டு வேண்டும், தட்டியை எந்தத் திசையில் வைப்பது, செலவுக்குத் திணைக்களத்தில் எதைக் கேட்பது என்ற கணக்கை, அடுத்த காலபோக அறுவடை முடிந்து, தாளடியில் மாடு மேயும் மாசி, பங்குனியில் தடுப்பூசிக்கு வரும்போது எடுக்கலாம். வைக்கோல் மலிவாகக் கிடைப்பதும் அப்போதுதான்.